சட்டைக் கொக்கிக்குப் போட்ட ஓட்டை

கோயம்புத்தூரிலிருந்து மாமா வந்து இறங்கியபோது கையில் பலகாரப் பை இல்லை. துண்டில் பொதிந்து, பச்சைப் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல நெஞ்சோடு அணைத்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெட்டியைத் திறந்து காட்டியதும் ஏமாற்றம் போய் பயம் வந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின், அதற்கு வால் மாதிரி வயர்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவேன். அம்மா இருமினால் பயம், இருமாவிட்டால் இருமலை எங்களுக்காக அடக்கிக்கொள்கிறாளோ என்று பயம். இந்தப் பயத்தோடுதான் எட்டாம் வகுப்புவரை போனேன், அதற்கு மேல் போகவில்லை. இப்போது கோவில்பட்டியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன். சுவரில் ஓட்டை போடும் பிட்டுகள் எடுத்துக்கொடுப்பது என் வேலை. வாங்குகிற ஒவ்வொருவரிடமும் கண்ணாடி போட்டுக்கோங்க அண்ணாச்சி, கட்டிலில் ஏறி நின்னு போடாதீங்க அண்ணாச்சி என்று சொல்லி அனுப்புவேன். முதலாளி சிரிப்பார்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். கழுகுமலை ரோட்டில் ஒரு கரிசக்காட்டு ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு பஸ் நிறுத்தத்தில் பெட்டிக்கடை. பெரியப்பாவும் நாங்களும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி, அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். மாமா அவர்கள் இருவருக்கும் தம்பி. அதனால் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. கோயில் கொடை விழாவுக்குக் கிடா வெட்டுகிற வரைக்கும் அப்படி இருந்தது.

அந்தக் கிடாவை வளர்த்தது அப்பா. வெட்டியபிறகு தலை யாருக்கு என்று வந்தபோது, மூத்தவனுக்குத்தான் தலை என்றார் பெரியப்பா. தழை ஒடித்துப் போட்டவனுக்குத்தான் என்றார் அப்பா. வாய்ப்பேச்சு வளர்ந்து, இருவரும் ரோசப்பட்டு, எனக்கு வேண்டாம் என்று ஆளுக்கொரு பக்கம் நடந்துவிட்டார்கள். தலை பித்தளை அண்டாவிலேயே கிடந்து நாறிப்போய், கடைசியில் நாய் தின்றது. வீட்டுக்கு நடுவில் சுவர் வந்தது.

சுவரிலும் சண்டை. முழுச் செங்கல் கனத்தில் வைத்தால் யார் பக்கத்தில் கூடுதலாக உட்காரும் என்று இருவரும் கயிறு பிடித்து அளந்தார்கள். கொத்தனாருக்கு அலுத்துவிட்டது. அரைச் செங்கல் கனத்தில் ஒரு சுவரை எழுப்பிப் பூசிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் பக்கம் வேப்பமரத்தோடு முற்றம் போனது. எங்கள் பக்கம் ஒரு இருட்டறை வந்தது. சன்னல் கிடையாது. அப்பா அதைச் சரக்கறையாக வைத்துக்கொண்டார்.

இத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. இரண்டு பேரும் தங்கள் பெண்டாட்டிமாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். ஒருத்தியோடு ஒருத்தி பேசக்கூடாது, முகத்தில் முழிக்கக்கூடாது. தெருவில் எதிரே வந்தால் இருவரும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஆனால் நடையை மட்டும் ரொம்ப மெதுவாக்கிக்கொண்டு போவார்கள்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஏற்கெனவே இரண்டு தடவை தங்கவில்லை என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். என்ன தங்கவில்லை, எங்கே தங்காமல் போயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா அக்காளுக்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒருசந்தி விரதம் இருந்தாள் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு அம்மா தட்டில் மிஞ்சும் அப்பளம் எனக்கு வரும்.

மாமா வந்த அன்று சாயங்காலம் அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சுவர்ப் பக்கம் காதை வைத்திருந்தாள்.

"லேய், அக்கா தெருவுக்கே வரக்காணும். தண்ணிக் குடத்த அத்தான்தான் தூக்குதாரு. தூக்கும்போது அவரு செருமல் கேக்கு."

"தூக்கட்டுமே. உடம்பு இளைக்கும்" என்றார் மாமா.

"விளையாடாதல. அவளுக்கு உடம்புக்குச் சொகமில்லையா, இல்ல..." அம்மா என்னைப் பார்த்து நிறுத்தினாள். "நீ போற வாரவன். ஒனக்கு ஒண்ணும் தெரியலியா?"

"நான் போனா அவிய பாட்டுக்குப் போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காவ. ஆம்பிளப் பயகிட்ட என்னத்தச் சொல்லுவாவ?"

"மூணாம் மனுசிகிட்டக் கேட்டா ஊரு பூரா பரவிரும். கண்ணு பட்டுரும். நேருக்கு நேரா ஒரு தடவ பாத்தாப் போதும்ல எனக்கு."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே ரசத்தைக் குடித்தார். நான் அன்று ராத்திரி பூராவும் பெரியம்மாவுக்கு என்ன வியாதி என்று கவலைப்பட்டேன்.

மறுநாள் காலையில் சரக்கறையில் வேலை ஆரம்பித்தது. அப்பாவுக்கு மேலே ஒரு பலகை மாட்ட வேண்டும். அவர் அடித்த ஆணிகளெல்லாம் சிமெண்டுப் பூச்சில் வளைந்து, கொக்கி கொக்கியாக ஒரு தகர டப்பாவில் கிடந்தன. மாமா கோயம்புத்தூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலையில் இருந்தார். அதனால் மெஷினைக் கையில் எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். வேட்டியை அவிழ்த்துப் பேண்ட் போட்டார். கழுகுமலைத் திருவிழாவில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டினார். பார்க்கத் திருடன் மாதிரி இருந்தார்.

"மாமா, செவத்துக்குள்ள கரண்டு ஓடுமா?"

"ஓடும் தாயி. பல்பு அந்தா இருக்கு, சுச்சு இந்தா இருக்கு. ரெண்டுக்கும் நேரா இருக்க எடத்துல கை வைக்க மாட்டேன்."

"பிட்டு ஒடிஞ்சு கண்ணுல வந்தா?"

"அதுக்குத்தான் கண்ணாடி."

"எங் கண்ணுல வந்தா?"

"நீ வெளிய நில்லுன்னு அர்த்தம்."

வாசலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தேன். மாமா சுவரில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, அதன் நடுவில் ஆணியை வைத்துச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். அப்போதுதான் பிட் வழுக்காதாம். பிட்டின் நுனியில் அம்பு மாதிரி ஒரு துண்டு மின்னியது. அளவுக்கு மேல் உள்ளே போகாமல் இருக்கச் சிவப்பு டேப்பை அதன் கழுத்தில் சுற்றியிருந்தார். சுவரில் காகிதத்தைப் பை மாதிரி மடித்து ஒட்டினார், தூள் அதில் விழுந்தது. கொஞ்சம் துளைப்பார், வெளியே இழுப்பார், தூளைக் கொட்டவிடுவார், மறுபடி உள்ளே விடுவார். வீட்டுக்கே பல் கூசியது.

அப்பா கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். "நல்லா அமுக்கு மாப்ள."

"அமுக்கக்கூடாது அத்தான். பிட்டு சூடாகிரும். அதும் பாட்டுக்குப் போவணும்."

மேலே வரிசையாக ஓட்டைகள் விழுந்தன. ஒவ்வொன்றும் டேப் சுவரைத் தொட்டதும் நின்றது. பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகாணியை முறுக்கினார். பலகை ஏறிவிட்டது. அப்பா அதில் தொங்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

மெஷினைப் பெட்டியில் வைக்கப்போன மாமா நின்றார். "அத்தான், சட்டை மாட்ட இங்கன ஒரு கொக்கி போட்டுருவமா?"

"போடேன்" என்றார் அப்பா.

மாமா காட்டிய இடம் அவர் நெஞ்சு உயரம். முதலில் சின்னப் பிட்டால் ஒரு தடம் போட்டார். பிறகு பெட்டியின் அடியிலிருந்து விரல் தண்டியில், சாண் நீளத்தில் ஒரு பிட்டை எடுத்து மாட்டினார். அதில் டேப் இல்லை. இன்றைக்கு யாராவது கடைக்கு வந்து, சட்டை மாட்டும் கொக்கிக்கு அந்தப் பிட்டைக் கேட்டால் நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மெஷின் உறுமியது. இவ்வளவு நேரம் அமுக்கக்கூடாது என்று சொன்னவர் கடைசியில் தோளைக் கொடுத்து அழுத்தினார். பொதுக்கென்று பிட் முழுக்க உள்ளே போய்விட்டது. அந்தப் பக்கம் பொலபொலவென்று பூச்சு உதிரும் சத்தம் கேட்டது.

மாமா பிட்டை வெளியே இழுத்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியப்பா குரல்.

"ஏலே! எவம்ல எஞ் செவத்தத் தொளைக்கது?"

அப்பா சுவரைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார். "மாப்ள, அவர்ட்டச் சொல்லு. ஓட்ட எம் பக்கத்துலதான் போட்டது. அது அங்கன வந்ததுக்கு நாம பொறுப்பில்ல."

மாமா ஓட்டையில் வாயை வைத்தார். "பெரியத்தான், ஓட்ட எங்க பக்கத்துலதான் போட்டதாம்."

"ஓட்டைக்கு ஏதுல பக்கம்? பாதி ஓட்டைன்னு ஒண்ணு உண்டா? ஒழுங்கா அடைக்கச் சொல்லு அவன."

"எம் பக்கத்து ஓட்டைய நான் அடைப்பேன். அவரு பக்கத்துல அவரு அடைக்கட்டும். முதல்ல அவரு."

"தொளைச்சவன்தாம்ல முதல்ல!"

முதலில் அடைத்தவன் தோற்றவன் என்று ஆகிவிட்டது. ஆட்டுத் தலையை விட்டதுபோல ஓட்டையையும் விட்டுவிட்டார்கள். மாமாதான் பாவம், கெட்ட பெயர் எடுத்துக்கொண்டார். அளவு தெரியாத பய என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். மாமா பல்லைக் காட்டிக்கொண்டு, உதிர்ந்த பூச்சைக் கூட்டி அள்ளப் பெரியம்மா வீட்டுக்குப் போனார். போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. அம்மா சரக்கறையைக் கூட்டப்போனாள். தூசி வெளியே வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவளும் ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி வெளுத்து, ஆனால் கண் மட்டும் பளபளவென்று இருந்தது. தூசி என்று நினைத்தேன்.

மாமா ஊருக்குப் போன சில நாளில் அப்பா என்னைச் சீயக்காய்ப் பாக்கெட் எடுத்துவரச் சொன்னார். ஆடிக்காற்று. நான் உள்ளே போனதும் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இருட்டு. மூட்டை வாசமும் கருப்பட்டி வாசமும் மூக்கில் ஏறின. கொஞ்சங்கொஞ்சமாகக் கண் பழகியபோது, ஓட்டைக்கு எதிர்ச்சுவரில், சுண்ணாம்பு அடித்த இடத்தில், அரிசி புடைக்கிற சொளவு அகலத்துக்கு ஒரு வெளிச்சம் மிதந்தது.

அதற்குள் ஒரு உலகம் இருந்தது. கீழே வானம், நீலமாக, தண்ணீர் தேங்கியதுபோல. மேலே தரை. வேப்பங்கொழுந்துகள் கீழ்நோக்கித் தொங்கி, குளத்துப் பாசி மாதிரி அசைந்தன. தரையிலிருந்து வௌவால் தொங்குவதுபோலப் பச்சைச் சேலை கட்டிய ஒரு உருவம் தொங்கியது. முகம் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் லேசான மாநிறப் புகை. அது நடந்தது. கால் மேலே, தலை கீழே, சத்தமே இல்லாமல். வெளிச்சத்தின் ஓரத்துக்குப் போனதும் கரைந்துவிட்டது.

நான் சீயக்காய் எடுக்காமல் ஓடிவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது என்னை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று பயம்.

அதற்குப்பிறகுதான் அம்மாவுக்குத் தலைவலி என்பதைக் கவனித்தேன். அப்பா கடைக்குப் போனதும் அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொள்வாள். வெளிச்சம் ஆகல என்று சொல்லிச் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தினமும் இப்படி. தலைகீழ் உருவம் அம்மாவைப் பிடித்துவிட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே மூச்சுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் அம்மா உள்ளே மெல்லச் சிரித்தது கேட்டது. நான் கதவைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

தாங்கமுடியாமல் அப்பாவிடம் தலைவலியை மட்டும் சொன்னேன். அப்பா முதலில் தைலம் வாங்கிவந்தார். பிறகு சரக்கறையில் போய் நின்று, ஓட்டைக்கு நேராகக் கையைப் பிடித்துப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த வழியா வாடைக் காத்து அடிக்கு. அதான் தலவலி. இனி எவன் முதல்லன்னு பாக்க முடியாது. பொம்பள உடம்பு முக்கியம்."

ஆனால் தோற்ற மாதிரியும் ஆகக்கூடாது. அதனால் பெரியப்பா காதில் விழும்படி சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம எம் பக்கத்த நான் சிமெண்டு வச்சு அடைக்கேன்! அந்தப் பக்கத்துக் குழியில குருவி கூடு கட்டுனாலும் எனக்குக் கவலயில்ல!"

அம்மா சோற்றுப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அகப்பை ஒரு நொடி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமும் அம்மியில் அரைக்கும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மணலும் சிமெண்டும் கொண்டுவரப் போயிருந்தார். அம்மா தலையில் துணி கட்டாமலேயே சரக்கறைக்குள் போனாள். கதவு சாத்தும் முன் நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாதம்மா. உள்ள பேய் இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "வா. கதவச் சாத்து. வெளிச்சம் வந்தா போயிரும்" என்றாள்.

இருட்டில் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு விளக்குமாற்று ஈர்க்கின் நுனியில் கனகாம்பரப் பூ ஒன்றைச் செருகி, ஓட்டைக்குள் விட்டு அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு எதிர்ச்சுவர்ப் பக்கம் வந்தோம். வானம் கீழே தேங்கியிருந்தது. வேப்பங்கொழுந்து அசைந்தது. தலைகீழாகப் பச்சைச் சேலை வந்து, வெளிச்சத்தின் நடுவில் நின்றது.

"அதாம்மா பேய்."

"ஏட்டி, அது ஒங்க பெரியம்மா."

எனக்குப் பேயைவிட இது பெரிய பயமாக இருந்தது. "முகத்துல முழிக்கமாட்டேன்னு சூடம் அடிச்சிருக்கியேம்மா. சாமி கண்ணக் குத்திராதா?"

"நல்லாப் பாரு. முகமா தெரியுது? சேலதான தெரியுது. சேலையப் பாக்கக்கூடாதுன்னு யாரும் சத்தியம் வாங்கல."

"பேசக்கூடாதே?"

"யாரு பேசுதா? ஒன்கூடத்தான பேசுதேன்."

பெரியம்மா நேராகப் பார்த்தபடி நின்றாள், சேலையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு. எப்போதும் அப்படித்தான் நிற்பாளாம். மாமா சொல்லிக்கொடுத்த இடம் அது என்று அம்மா முணுமுணுத்தாள். "இன்னைக்காவது திரும்பேன்... திரும்பேன்க்கா" என்று என் தலைமுடியைக் கோதிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோலவே சொன்னாள். தெருவில் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. அம்மாவின் கை என் தலையில் இறுகியது.

அப்போது பெரியம்மா போர்த்தியிருந்த சேலையைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, முந்தானையை முதுகுப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, படம் எடுக்க நிற்பவள் மாதிரி அசையாமல் நின்றாள்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்லமுடியாத சத்தம். அவள் சுவருக்கு முன்னால் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். பெரியம்மாவின் நடு உடம்பு அந்த உள்ளங்கையில் வந்து விழுந்தது. குஞ்சைக் கையில் வைத்திருப்பவள்போல அம்மா விரல்களைக் கொஞ்சம் குழித்துக்கொண்டாள். பச்சை நிறம் அவள் கையில் படிந்திருந்தது.

"எத்தன மாசம் இருக்கும்..." என்று தனக்குள் கேட்டாள். எது எத்தனை மாதம் என்று நான் கேட்பதற்குள் கதவு திறந்து, வெயில் உள்ளே கொட்டி, பெரியம்மாவும் வானமும் வேம்பும் சுண்ணாம்புச் சுவராகிவிட்டன. வாசலில் அப்பா சிமெண்டுச் சட்டியோடு நின்றார்.

"இருட்டுல என்ன பண்ணுதிய?"

"தலவலி போயிட்டு" என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "நீங்க அடைங்க. நல்லா அடைங்க. கொஞ்சங்கூட வாடை போவக்கூடாது" என்றாள்.

அப்பா ஓட்டையை ஊதித் தூளை எடுத்து, தண்ணீர் தெளித்து, சிமெண்டை ஈர்க்கால் குத்திக் குத்தித் திணித்தார். சரியாகப் பாதிச் சுவர்வரை. அதற்கு மேல் ஒரு உருண்டைகூட அந்தப் பக்கம் போகவிடவில்லை. அன்று மத்தியானம் அம்மா பாயசம் வைத்தாள். என்ன விசேசம் என்று அப்பா கேட்டார். தலவலி போனதுக்குத்தான் என்றாள். அப்பாவுக்குப் பெருமை. வைத்தியம் பலித்ததே. செவ்வாய்க்கிழமை ஒருசந்தியை மட்டும் அம்மா ஏனோ வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து இருக்கத் தொடங்கினாள்.

நான் பாயசத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பெரியம்மா ஒல்லி. திரும்பி நின்றபோது மட்டும் வயிற்றுப் பக்கம் உருண்டையாகத் தள்ளித் தெரிந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பூச்சு தாறுமாறாகப் பேர்ந்திருந்ததே, அந்தக் கோணல்தான் பெரியம்மாவின் உருவத்தையும் அப்படி வீங்கவைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. மாமா கடைசியில் கையைத் தளர்த்தி அளவாகத் துளைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அம்மாவும் அதை நிஜம் என்று நம்பி அழுதிருக்கமாட்டாள். அடுத்த தடவை மாமா வரும்போது இதை அவரிடம் சொல்லவேண்டும், ஆனால் சொன்னால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று கவலைப்பட்டுக்கொண்டே, பாயசத்தை ஆறவிட்டுக் குடித்தேன்.